கடன் நோட்டில் உள்ள விவரம்கூட மானியப் பட்டியலில் இல்லையே!

நமது மளிகைக் கடைகளில் கடன் நோட்டு இல்லாத கடை உண்டா? இல்லை. அந்த நோட்டில் 'முருகன் – ரூ.340' என்று மட்டும் எழுதி வைக்கும் கடைக்காரர் உண்டா? அவரும் இல்லை. மயிலம் முருகனைக் கும்பிடும் இந்தச் சீமையில் முருகன் என்ற பெயருக்குப் பஞ்சமே கிடையாது. ஆகவே 'மேட்டுத்தெரு முருகன்', 'படகு முருகன்', 'சவுக்குத்தோப்பு முருகன்', 'ஆறுமுகம் மகன் முருகன்' என்று அடையாளத்தோடுதான் எழுதுகிறோம். வசூலுக்குப் போகும்போது ஆள் மாறிவிடக் கூடாது அல்லவா? நானூறு ரூபாய் பற்றுக்கே நமக்கு இத்தனை ஜாக்கிரதை.

மத்திய அரசின் பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.6,000 பெறும் விவசாயிகளின் பட்டியல், ஊர் வாரியாகக் கணினியில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. நல்ல காரியம்தான், மறுப்பதற்கில்லை. மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று ஒவ்வொன்றாகத் தட்டினால் நம் ஊர்ப் பட்டியல் வந்து நிற்கும். அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வரிசை எண், பெயர், ஆணா பெண்ணா, இவ்வளவுதான். தகப்பனார் பெயர் இல்லை. தெரு இல்லை. சர்வே எண் இல்லை. பெயரும் ஆங்கில எழுத்தில். ஊரிலுள்ள முருகன்களில் எந்த முருகன் என்று அந்தப் பட்டியலைப் பார்த்து ஊர்க்காரரே சொல்ல முடியாது.

வணிகர் சங்கப் பத்திரிகையில் விவசாய மானியத்தைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் என்ன என்று சிலர் கேட்கலாம். 2020ஆம் ஆண்டில் நமது விழுப்புரம் மாவட்டத்திலும் அக்கம்பக்கத்து மாவட்டங்களிலும் நடந்ததை நினைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. அந்த விவகாரத்தில் நம் கடை வியாபாரமும் அடிபட்டது. நம்மவர்கள் சிலரின் பெயரும் அடிபட்டது.

முதலில் திட்டத்தின் விவரம். 2019 பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கி வைக்கப்பட்டது. தவணைக்கு ரூ.2,000 வீதம் ஆண்டுக்கு மூன்று தவணை, நேராக வங்கிக் கணக்கில் விழும். தொடக்கத்தில் 2 ஹெக்டேர், அதாவது சுமார் 5 ஏக்கர் வரை நிலம் உள்ளவர்களுக்கு என்று இருந்தது. சில மாதங்களிலேயே அந்த வரம்பு எடுக்கப்பட்டு, பயிர் நிலம் சொந்தமாக உள்ள எல்லோருக்கும் என்று ஆயிற்று. கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு பங்குதான். விலக்கப்பட்டவர்களும் உண்டு. கடைநிலை ஊழியர் நீங்கலான அரசு ஊழியர்கள், மாதம் ரூ.10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குவோர், தொழில் நடத்தும் டாக்டர், வக்கீல், இன்ஜினீயர், ஆடிட்டர் ஆகியோர், முந்தைய கணக்கு ஆண்டில் வருமான வரி செலுத்தியவர்கள் ஆகியோருக்கு இந்தப் பணம் கிடையாது. கடைசியாகச் சொன்ன வருமான வரி விஷயத்தை வணிகப் பெருமக்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவும். பின்னால் அதற்கு வருகிறோம்.

ஊரடங்கில் நடந்தது

ஆரம்பத்தில் கிராம நிர்வாக அலுவலர் நிலப் பதிவேட்டைப் பார்த்துச் சரி சொன்ன பிறகே பெயர் ஏறியது. பின்னர் விவசாயியே கணினி மூலம் பதிவு செய்துகொள்ளலாம் என்ற வசதி வந்தது. அலைச்சல் குறையும் என்ற நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். ஆனால் 2020இல் ஊரடங்கு வந்தது. அலுவலர்கள் எல்லோரும் நோய்த் தடுப்பு வேலைக்குத் திரும்பினார்கள். வட்டார அளவில் விண்ணப்பத்துக்கு ஒப்புதல் கொடுக்க வேளாண்மைத் துறை அலுவலர்களுக்கென்று இருந்த கடவுச்சொற்கள் வெளி ஆட்கள் கைக்குப் போயின. நம் கல்லாப்பெட்டிச் சாவி தெருவில் போவோர் கையில் இருந்தால் எப்படியோ, அப்படித்தான்.

அந்தச் சாவியை வைத்துக்கொண்டு தரகர்களும் கணினி மையக்காரர்கள் சிலரும் கிராமம் கிராமமாகப் புகுந்தார்கள். 'கொரோனா நிவாரணம் வருகிறது, ஆதார் அட்டையும் பாஸ்புக்கும் கொண்டு வாருங்கள்' என்றார்கள். ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத கூலித் தொழிலாளர்கள் எல்லாம் ஒரே இரவில் விவசாயிகள் ஆனார்கள். 2020 ஆகஸ்ட் மாதம் பயனாளிகள் எண்ணிக்கை திடீரென்று ஏறியதைப் பார்த்த பிறகே துறைக்குச் சந்தேகம் வந்தது. விசாரணை சி.பி.சி.ஐ.டி. போலீசாரிடம் போயிற்று.

2020 செப்டம்பரில் அன்றைய வேளாண்மைத் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி வெளியிட்ட கணக்கு இது: தகுதியில்லாமல் சேர்க்கப்பட்டவர்கள் சுமார் ஐந்தரை லட்சம் பேர், போன பணம் சுமார் ரூ.110 கோடி. வகுத்துப் பாருங்கள், சராசரியாகத் தலைக்கு ரூ.2,000, ஒரு தவணை. அதற்குள் ரூ.32 கோடி திரும்ப வசூலாகியிருந்தது. 80 பேர் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். 34 அலுவலர்கள் மீது துறை நடவடிக்கை. 18 பேர் கைது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், திருவண்ணாமலை என்று நமது சுற்றுவட்டாரமே நாட்டுக்குச் செய்தியாகிப் போயிற்று. கள்ளக்குறிச்சி 2019இல்தான் நம்மிடமிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. ஆகவே அது ஏதோ வேற்றூர்க் கதை அல்ல.

கணக்கு அதோடு நிற்கவில்லை. 2021 ஜூலையில் அன்றைய மத்திய வேளாண் அமைச்சர் நரேந்திர சிங் தோமர் நாடாளுமன்றத்தில் கொடுத்த விவரப்படி நாடு முழுவதும் 42 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாதவர்களுக்கு ரூ.2,992 கோடி போயிருந்தது. அசாமில் 8.35 லட்சம் பேர் முதலிடம். அடுத்து தமிழ்நாடு, 7.22 லட்சம் பேர், ரூ.340.56 கோடி.

இந்தத் தொகைகளைவிட நம்மைத் துன்புறுத்துவது வேறொன்று. ஒரு சின்ன கிராமத்தில் நிலம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது ஊரே அறிந்த சங்கதி. கடைக்காரருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அறுப்பு முடிந்து மூட்டையை விற்ற கையோடு பாக்கியைத் தீர்ப்பவர் யார், வாரக் கூலி வாங்கிச் சனிக்கிழமை வருபவர் யார், கடலுக்குப் போய்த் திரும்பி வந்து கொடுப்பவர் யார் என்று நம் நோட்டே சொல்லும். நமது பொம்மையார்பாளையத்தையே எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே மீனவர் குடியிருப்பு. மேற்கே வானூர் பக்கம் செம்மண் காடு. முந்திரி, சவுக்கு, மல்லாட்டை. இது போன்ற ஓர் ஊரில், விவசாயி என்று நூறு பெயரை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால், பொய்ப் பெயர் எத்தனை என்று டீ ஆறுவதற்குள் சொல்லியிருப்பார்கள். சி.பி.சி.ஐ.டி. வர வேண்டியதில்லை. ஐந்தரை லட்சம் பெயர் ஏறும்வரை யாருக்கும் தெரியாமல் போனது எப்படி என்றால், ஊர் அந்தப் பட்டியலைப் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான்.

கடைக்கு வந்த கஷ்டம்

பிறகு வசூல் தொடங்கியது. அலுவலர்கள் வீடு வீடாக வந்தார்கள். வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. சிலருக்குக் கணக்கில் இருந்த பணம் பிடிக்கப்பட்டது. ஊரடங்கில் ஏற்கெனவே வேலை இல்லாத நேரம் அது. நம்மிடம் மொத்தமாகச் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் அந்த செப்டம்பர், அக்டோபரில் வாரப் பாக்கியைக் கொடுக்க முடியாமல் கையைப் பிசைந்தார்கள். அவர்களுடைய வாடிக்கையாளர்களில் பலர் கூலிக்காரர்கள். கணக்கு முடங்கியதால் நூறு நாள் வேலைச் சம்பளம்கூட எடுக்க முடியவில்லை என்று சொன்னவர்கள் உண்டு. நமது கடைக்கு அரிசி நொய் வாங்க வரும் ஒரு மூதாட்டி, 'கொரோனா பணம்னுதானே சொன்னாங்க மொதலாளி, அதுல ஐந்நூறு அந்தத் தம்பியே எடுத்துக்கிச்சு, இப்ப ரெண்டாயிரமும் கட்டுன்னா நான் எங்க போவேன்?' என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? அரைப் படி நொய்யை அளந்து கொடுத்து, எழுதிக்கொண்டோம்.

ஏமாற்றியவன் கமிஷனோடு போய்விட்டான். ஏமாந்தவள் முழுத் தொகையையும் கட்டினாள். இப்படியும் ஒரு கணக்கு.

இந்த இடத்தில் நமது வீட்டுக் கதையையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். நமக்கும் வானூர் பக்கம் பூர்வீகமாக இரண்டு ஏக்கர் புஞ்சை உண்டு. 2019இல் ஊரில் பெயர் எழுதியபோது, சிட்டா நகல், ஆதார், பாஸ்புக் நகல் மூன்றையும் கொடுத்தனுப்பினோம். உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்தும் போட்டோம். விலக்கப்பட்டவர் எவரிலும் சேரவில்லை என்று அதில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. சரக்கு ரசீதில் ஒரு பைசா விடாமல் படிக்கிற கண், அரசாங்கப் படிவத்தில் படிக்கவில்லை. மூன்று தவணை, ஆக ரூ.6,000 வந்தது. வருமான வரி கட்டுகிறவர்களுக்கு இது கிடையாது என்று 2020இல் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். ஆடிட்டரிடம் கேட்டு, எழுதிக் கொடுத்து, வங்கி மூலம் திருப்பிக் கட்டினோம். திருப்பிக் கட்டிய அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினோம் என்றெல்லாம் சொல்ல மாட்டோம். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

நாம் மட்டும் அல்ல. 2021 ஜனவரியில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வெங்கடேஷ் நாயக் என்பவர் கேட்ட கேள்விக்கு மத்திய வேளாண் அமைச்சகம் கொடுத்த பதில் வெளிவந்தது. அதன்படி அதுவரை கண்டுபிடிக்கப்பட்டிருந்த தகுதியில்லாதவர்கள் 20.48 லட்சம் பேர், போன தொகை ரூ.1,364 கோடி. அந்த இருபது லட்சத்தில் 55.58 சதவீதம் பேர் வருமான வரி செலுத்துவோர்! பாதிக்கு மேல் ஏழைகள் அல்ல; நம்மைப் போன்றவர்கள், சம்பளக்காரர்கள். அவர்கள் வீட்டுக்கு யாரும் கும்பலாகப் போய்ப் பணம் கேட்டதாக நாம் கேள்விப்படவில்லை. கதவைத் தட்டியது எல்லாம் குடிசைகளில்தான்.

நமக்கு ஒரு சட்டம், அவர்களுக்கு ஒரு சட்டமா?

ஒரு வணிகர் எதையெல்லாம் வெளியே காட்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தபின், பதிவுச் சான்றிதழைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். பெயர்ப் பலகையில் எண்ணை எழுத வேண்டும். காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர் அதையும் பலகையில் எழுத வேண்டும். அந்த எண்ணைக் கணினியில் தட்டினால் நம் கடைப் பெயர், முகவரி, மாதக் கணக்கைத் தாக்கல் செய்தோமா இல்லையா என்பது வரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உணவுப் பொருள் உரிமத்தையும் மாட்ட வேண்டும். உரக்கடை வைத்திருக்கும் நம் அன்பர்கள் தினமும் இருப்பையும் விலையையும் பலகையில் எழுத வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டை ரூ.266.50 என்று எழுதாமல் விட்டால் அபராதம். யூரியா வாங்குபவரும் கருவியில் விரல் வைத்தால்தான் மூட்டை கிடைக்கும். இதையெல்லாம் நாம் முணுமுணுத்துக்கொண்டே செய்தாலும், செய்துதான் வருகிறோம். அளவும் விலையும் ஊரறிய இருப்பது நல்லதுதான்.

அதே நியாயத்தை அரசாங்கம் தன் கையால் கொடுக்கும் பணத்துக்கும் வைக்க வேண்டும் என்பதே நாம் கேட்பது. இது புதிதாக எழுந்த கோரிக்கையும் அல்ல. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நான்காவது பிரிவிலேயே, மானியத் திட்டங்கள் எப்படி நடத்தப்படுகின்றன, எவ்வளவு ஒதுக்கீடு, பயனாளிகள் யார் என்ற விவரத்தை ஒவ்வொரு அலுவலகமும் யாரும் கேட்காமலே தானாக வெளியிட வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு முன்னோடியாக 1997இலேயே, மாநிலங்களில் முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது நம் தமிழ்நாடுதான். அதில் விலக்குகள் ஏராளம் என்பது வேறு விஷயம்.

சட்டம் வந்த வழியையும் வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ராஜஸ்தானில் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் முதலானோர் நடத்திய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட்கிரானா கிராமத்தில் ஒரு கூட்டம் போட்டது. அரசாங்க வேலைக்குக் கூலி கொடுத்ததாகச் சொன்ன பெயர்ப் பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலை செய்யாதவன் பெயர், ஊரிலேயே இல்லாதவன் பெயர் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்து வெளியே வந்து விழுந்தன. 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. கணக்குத் தாளின் நகல் வேண்டும் என்பதே கோரிக்கை. பியாவர் ஒரு சந்தை நகரம். அங்கே உட்கார்ந்திருந்த கிராமத்து மக்களுக்குக் காய்கறியும் தானியமும் கொடுத்துத் தாங்கியவர்களில் அந்த ஊர் வியாபாரிகளும் இருந்தார்கள். இன்று நாடு முழுவதும் பத்து ரூபாய் கட்டிக் கேள்வி கேட்கும் உரிமைக்குப் பின்னால் கத்தரிக்காய் விற்றவனின் பங்கும் இருக்கிறது என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமைதான். அதே ராஜஸ்தானில் 2019 செப்டம்பரில் ஜன் சூச்னா என்ற பெயரில், பஞ்சாயத்து வாரியாக எந்தத் திட்டத்தில் யாருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்கும் கணினி வசதியும் வந்தது.

மேல்நாட்டிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. 2005இல் இங்கிலாந்தில் விவசாய மானியம் வாங்கியவர்கள் பட்டியலை வெளியிட்டபோது, அதில் எலிசபெத் அரசியாரின் பண்ணையும் பெரிய பிரபுக்களும் இருந்தார்கள். 'சிறு விவசாயிக்கு என்று சொல்லி அரண்மனைக்கா கொடுக்கிறீர்கள்?' என்று ஜனங்கள் கேட்டார்கள். பின்னர் ஐரோப்பிய நாடுகள் எல்லாம் பெயர்களை வெளியிட வேண்டும் என்று விதி வந்தது. ஜெர்மனி நாட்டு ஹெஸ்ஸன் பகுதி விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், தனி மனிதர் விஷயத்தில் அந்த விதி வரம்பு மீறுகிறது என்று ரத்து செய்தது. 2013இல் விதியைத் திருத்தி எழுதினார்கள். பெயர் வெளியிடலாம், ஆனால் ஆண்டுக்கு 1,250 யூரோவும் அதற்குக் குறைவாகவும் வாங்கும் சிறியவர்களின் பெயரை மறைத்துவிட வேண்டும் என்று.

அங்கே அது சரி. அங்கே பெரிய மீன்தான் பெரிய தொகையை விழுங்குகிறது. நமக்கு அந்த அளவை அப்படியே வைத்தால் ரூ.6,000 வாங்கும் எல்லோர் பெயரும் மறைந்துபோகும். நம் ஊர்க் களவு ரூ.2,000 வீதம் ஐந்தரை லட்சம் சின்னச் சின்னப் பற்றாக நடந்தது. எலி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஒரு பிடி, ஒரு பிடியாகத்தான் போகிறது. ஆகவே சின்னப் பற்றையும் ஊர் பார்க்க வேண்டியிருக்கிறது.

மறுப்புச் சொல்வோர்க்கு

பெயரை வெளியிட்டால் ஏழையின் மானம் போகாதா, பொறாமை வராதா, பணம் வந்தது தெரிந்து கடன் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்க மாட்டார்களா என்று நம் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அப்படி முதலில் போய் நிற்கும் ஆள் நாமாகத்தான் இருப்போம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தவணை விழுந்த நாளில் கடன் நோட்டைத் தூக்கிக்கொண்டு புறப்படும் வழக்கம் நம்மவர்களிடம் இல்லை என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. அந்தப் பணம் விதைக்கும் உரத்துக்கும் என்று கொடுத்தது. பழைய பாக்கிக்கு அதைப் பிடுங்குவதில்லை என்று நாமே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வது நல்லது.

மானத்தைப் பொறுத்தவரை, சிட்டாவில் உள்ள பெயரும் நிலமும் இன்றைக்கே கணினியில் யாரும் பார்க்கக்கூடியவைதான். புதிதாக எதையும் திறந்துகாட்டச் சொல்லவில்லை. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் மூன்றும் வெளியே வரவே கூடாது. அவை வெளியே போனால் என்ன ஆகும் என்று 2020இலேயே பார்த்தோம். ஆனால் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், கிராமம், சர்வே எண், எந்தத் தேதியில் எவ்வளவு என்ற ஐந்தும் தமிழில் இருக்க வேண்டும்.

இப்போது இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாவது பிரிவில் தனிநபர் தகவல் பற்றிய வாசகத்தைச் சுருக்கித் திருத்தியது. முன்பு, பொதுக் காரியத்தோடு தொடர்பு இல்லாத சொந்தத் தகவலை மட்டும் மறுக்கலாம் என்று இருந்தது. திருத்தத்தில் தனிநபர் தகவல் என்று சொன்னாலே போதும் என்றாகிவிட்டது. கேள்வி கேட்பவரை இந்த ஒரு வரியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஆனால் மானியப் பயனாளிகள் விவரத்தைத் தானாக வெளியிட வேண்டும் என்ற நான்காவது பிரிவு அப்படியே இருக்கிறது. பொது நன்மை பெரிது என்றால் கொடுக்கலாம் என்ற உட்பிரிவும் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும்.

ஊர் பார்த்துக் கொடுத்த பணத்துக்கும் பார்க்காமல் கொடுத்த பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஃபெங்கல் புயலின்போது மறுபடியும் கண்டோம். 2024 நவம்பர் 30 இரவு அது புதுவை அருகே கரை ஏறியபோது மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழை. நம்மில் பலர் கடையில் முழங்கால் தண்ணீரில் நின்று பருப்பு மூட்டையை மேலே ஏற்றியவர்கள். குடும்ப அட்டைக்கு ரூ.2,000 நிவாரணம் ரேஷன் கடை வழியாக டோக்கன் போட்டு வந்தது. யார் வாங்கினார், யார் வாங்கவில்லை என்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். பயிர் நிவாரணம் நெல் முதலிய இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000, மானாவாரிக்கு ரூ.8,500, பலவருடப் பயிருக்கும் மரங்களுக்கும் ரூ.22,500 என்று அறிவித்தார்கள். அது கணக்கெடுத்து நேராக வங்கிக்குப் போகும் பணம். முந்திரி சாய்ந்தவருக்கு வந்ததா, குத்தகைக்கு மல்லாட்டை போட்டவருக்கு ஏதாவது கிடைத்ததா என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒரு கதை. நமக்கு நேராகத் தெரிந்தது ஒன்றே ஒன்று: குத்தகைக்காரர்களின் பாக்கி நம் நோட்டில் அப்படியே நின்றது. பிரதமர் கிசான் பணமும் நில உரிமையாளருக்கே தவிர, குத்தகைக்குப் பயிரிடுபவருக்குக் கிடையாது. பட்டியலைச் சுவரில் ஒட்டினால், உழுகிறவன் பெயர் அதில் இல்லை என்பதும் ஊருக்குத் தெரியவரும். அதுவும் தெரியட்டுமே.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2022 முதல் ஆதார் வழியான சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினார்கள். நிலப் பதிவேட்டோடு இணைத்தார்கள். 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஒவ்வொரு விவசாயிக்கும் தனி அடையாள எண் கொடுக்கும் முகாம் நடந்தது. 2025 நவம்பர் 19 அன்று 21ஆவது தவணையைப் பிரதமர் கோவையில் இருந்தே விடுவித்தார். சுமார் 9 கோடி பேருக்கு சுமார் ரூ.18,000 கோடி. பொய்ப் பெயர்கள் வெகுவாக வடிகட்டப்பட்டிருக்கின்றன என்றே நாம் நம்புகிறோம். ஆனால் எல்லாமே இயந்திரம் இயந்திரத்தோடு பேசிக்கொள்ளும் ஏற்பாடு. விரல் ரேகை தேய்ந்த கிழவரின் பெயர் காரணம் தெரியாமல் நின்றுபோனாலும், அதுவும் ஊருக்குத் தெரியாது. பட்டியல் சுவரில் இருந்தால் பொய்ப் பெயர் மட்டும் அல்ல, விடுபட்ட உண்மைப் பெயரும் கண்ணில் படும்.

இன்னொன்று. சரக்கை இறக்கி லாரியை அனுப்பிவிட்டு எடை குறைகிறது என்று கூச்சல் போடுவதில் பயன் இல்லை. எடை மேடையில் நிற்கும்போதே பார்க்க வேண்டும். அதுபோல் பணம் போன பிறகு பட்டியல் போடுவதை விட, ஒப்புதலுக்கு முன்பே பெயர்களை ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் 15 நாள் ஒட்டி, ஆட்சேபணை கேட்க வேண்டும். பிறகு கிராம சபையில் படிக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட்டுகிறோம் என்கிறார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அவற்றில் ஒரு நாளில் அரை மணி நேரம் போதும்.

வணிகர்கள் செய்யக்கூடியது என்ன? முதலாவது, நம் வீட்டைச் சுத்தம் செய்வது. வருமான வரி கட்டும் வணிகர் எவர் பெயராவது அந்தப் பட்டியலில் இன்னும் இருந்தால், நோட்டீஸ் வரும்வரை காத்திராமல் திருப்பிக் கட்டிவிடுங்கள். கணவன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என்று வாங்கும் வீடுகளும் அப்படியே. சங்க உறுப்பினர்களில் கணினி மையம், பொதுச் சேவை மையம் நடத்துவோர் பிறருடைய ஆதார் நகலையும் பாஸ்புக் நகலையும் வேலை முடிந்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டும். 2020இல் கைதானவர்களில் கணினி மையம் நடத்தியவர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. இரண்டாவது, ஊர்ப் பட்டியலைக் கேட்பது. நாம் வானூர் வட்டாரத்துக்கான மனுவை எழுதி முடித்துவிட்டோம். வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டியது. நமது கிராமத்தில் பிரதமர் கிசான் தொகையும், ஃபெங்கல் புயல் பயிர் நிவாரணமும் பெற்றவர்களின் பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், தொகை, தேதி ஆகியவற்றைத் தமிழில் தரவும் என்று கேட்டிருக்கிறோம். இந்த விவரங்கள் நான்காவது பிரிவின்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டனவா, எந்தத் தேதியில் ஒட்டப்பட்டன என்பதையும் சேர்த்திருக்கிறோம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. மனுவின் நகல் சங்க அலுவலகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. கிராமத்தின் பெயரை மட்டும் மாற்றி, திண்டிவனம், மரக்காணம், மயிலம் பக்கத்து அன்பர்களும் பயன்படுத்திக்கொள்ளலாம். பதில் வந்ததும் கடை வாசலில் ஒட்ட நாம் ஒரு பலகை அடித்து வைத்திருக்கிறோம். இப்போதைக்கு அதில் பருப்பு விலை எழுதியிருக்கிறது.